ஃபிட்டாக இருப்பதும் ஆரோக்கியமாக இருப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓட்டப் பயிற்சிக் குழு ஒன்றில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு உதவி செய்கிறேன். மருத்துவர் கிடையாது. பயிற்சி முடிந்து எல்லாரும் தண்ணீர் பாட்டிலோடு உட்காரும்போது பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வரும். "நான்தான் இவ்வளவு ஓடுறேனே, எனக்கு எதுக்கு டெஸ்ட்?" என்று பாதிப் பேர், "டெஸ்ட்ல எல்லாம் நார்மல், அப்புறம் எதுக்கு ஓடணும்?" என்று மீதிப் பேர். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் நான்கைப் படித்துவிட்டால், மற்றதில் உங்களுக்கு வேண்டியதை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

1. ஃபிட்டா இருக்கிறதும் ஆரோக்கியமா இருக்கிறதும் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டாப் பிரிக்கறீங்க?

ஃபிட் என்பது உங்கள் உடம்பால் என்னென்ன செய்ய முடியும் என்பது. நிற்காமல் மூன்று மாடி ஏறுவது, கனமான பெட்டியைத் தரையிலிருந்து தூக்குவது, குனிந்து நிமிர்வது, கால் தடுக்கினால் விழாமல் சமாளிப்பது எல்லாம் இதில் வரும். ஆரோக்கியம் என்பது உடம்பு உள்ளே என்ன நிலையில் இருக்கிறது என்பது. ரத்தக் குழாய், சர்க்கரை, சிறுநீரகம், எலும்பு, தூக்கம், மனசு வரைக்கும் இதில் அடங்கும். உலக சுகாதார நிறுவனம் 1948-ல் நடைமுறைக்கு வந்த தன் சாசனத்திலேயே, நோய் இல்லாமல் இருப்பது மட்டும் ஆரோக்கியம் ஆகாது, உடல், மனம், சமூக வாழ்க்கை மூன்றும் நன்றாக இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது.

முதலாவதைச் செய்து பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டாவதில் பெரும்பகுதி அளந்து பார்த்தால்தான் தெரியும். இரண்டும் ஒன்றுக்கொன்று நிறையவே உதவும், அதில் சந்தேகமே வேண்டாம், உடற்பயிற்சி அளவுக்கு ஒரே நேரத்தில் இத்தனை உறுப்புகளுக்கு நல்லது செய்கிற வேறு எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று இருக்கிறது என்பதற்காக மற்றதும் இருக்கும் என்று ஜாமீன் கொடுக்க முடியாது.

2. தினமும் ஓடுற, எடை தூக்குற ஆளுக்கெல்லாம் நோய் வருமா?

வரும். ஜிம் ஃபிக்ஸ் என்ற அமெரிக்கர் 1977-ல் ஓட்டத்தைப் பற்றி எழுதிய புத்தகம் லட்சக்கணக்கில் விற்று, ஏராளமானவர்களை ஓட வைத்தது. 1984 ஜூலையில், தன் 52-ஆவது வயதில், அன்றாட ஓட்டத்தின்போது மாரடைப்பு வந்து அவர் இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில் இதய ரத்தக் குழாய்களில் கடுமையான அடைப்பு தெரியவந்தது. அவருடைய அப்பா 43 வயதிலேயே மாரடைப்பால் இறந்தவர். ஃபிக்ஸும் முப்பதுகளின் நடுவில் ஓட ஆரம்பிக்கும் வரைக்கும் நிறைய சிகரெட் பிடித்தவர், எடையும் அதிகம். "பாத்தீங்களா, ஓடினதாலதான் செத்தார்" என்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு, அது தப்பு. பரம்பரையும் பழைய சிகரெட்டும் உள்ளே சேர்த்து வைத்ததை ஓட்டத்தால் முழுசாக அழிக்க முடியவில்லை, அவர் நன்றாக ஓடினார் என்பதாலேயே அது வெளியில் தெரியவும் இல்லை.

எங்கள் குழுவிலேயே ஒருவர் இருக்கிறார், நாற்பதுகளில் இருப்பவர், அரை மாரத்தானை அலட்டிக்கொள்ளாமல் முடிப்பார். ரத்த தானம் செய்யப் போன இடத்தில் பிபி பார்த்த செவிலியர் ஒன்றும் சொல்லாமல் பட்டையைக் கழற்றி அடுத்த கையில் கட்டினார், அப்புறம் பத்து நிமிடம் உட்காரச் சொல்லி மறுபடியும் பார்த்தார். மூன்று தடவையும் மேல் எண் 170-க்கு மேல். அன்றைக்கு ரத்தம் எடுக்கவில்லை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லாரையும் பின்னால் விட்டுவிட்டு ஓடியவர் அவர்.

3. பிபி அவ்வளவு இருந்தா தலை சுத்தாதா? உடம்பு காட்டிக் குடுத்துடுமே?

பெரும்பாலும் காட்டிக் கொடுக்காது, அதுதான் சிக்கலே. உயர் ரத்த அழுத்தம், ஆரம்ப நிலைச் சர்க்கரை, கொலஸ்ட்ரால், கல்லீரல் கொழுப்பு, சிறுநீரகப் பாதிப்பு எல்லாமே வருடக்கணக்கில் ஒரு அறிகுறியும் இல்லாமல் இருக்கக்கூடியவை. தலைவலி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் பக்கவாதம்கூட முதல் அறிகுறியாக வரலாம்.

பிபி பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. அரை மணி நேரத்துக்குள் காபி, சிகரெட், உடற்பயிற்சி எதுவும் இருக்கக் கூடாது. முதுகு சாய்ந்து, கால் தரையில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை இதயத்தின் உயரத்தில் ஏதாவது ஒன்றின் மேல் இருக்க வேண்டும், பட்டை வெறும் கையில் கட்டப்பட வேண்டும், அளக்கும்போது பேசக் கூடாது. படியேறி வந்த வேகத்தில் பார்த்துவிட்டு "எனக்கு பிபி" என்று பயப்படவும் வேண்டாம், ஒரு தடவை சரியாக வந்தது என்று அடுத்த ஐந்து வருடத்துக்கு மறந்துவிடவும் வேண்டாம். வேறு வேறு நாட்களில் பார்த்தும் 140/90-க்கு மேலேயே இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

4. எனக்கு டெஸ்ட் எல்லாமே நார்மல். அப்போ நான் ஃபிட்தானே?

ரிப்போர்ட் நார்மல் என்றால் இன்றைக்கு அந்த எண்கள் சரியாக இருக்கின்றன என்று அர்த்தம். நாளைக்கு நிமோனியா வந்தாலோ, ஆபரேஷன் என்றாலோ, ஓடிப்போய் ஒருவரைக் காப்பாற்ற வேண்டி வந்தாலோ தாங்குவதற்கு உடம்பில் எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்பதை அந்தத் தாள் சொல்லாது. ஆபரேஷனுக்கு முன்னால் மருத்துவர்கள், நிற்காமல் இரண்டு மாடி ஏற முடியுமா என்று கேட்பது இந்தக் கையிருப்பைத் தெரிந்துகொள்ளத்தான்.

1953-ல் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். மாடிப் பேருந்துகளில் நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டிருந்த நடத்துனர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களுக்கு இதய நோய் அதிகமாக வந்திருந்தது. (ஓட்டுநர்களின் சீருடை இடுப்பளவு ஆரம்பத்திலேயே பெரிதாக இருந்தது என்பதையும் அவரே பின்னால் எழுதினார். அந்த நேர்மைக்காகவே அந்த ஆய்வு எனக்குப் பிடிக்கும்.) இன்னொரு ஆய்வு 1966-ல் அமெரிக்காவின் டல்லஸில் நடந்தது. நல்ல ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு, அதாவது விஓ2 மேக்ஸ், கால் பங்குக்கு மேல் இறங்கிவிட்டது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தபோது, வயது முப்பது வருடத்தில் செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகமாக இருந்தது. அப்புறம் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததில், ஐம்பது வயதில் இருந்த அவர்கள் இழந்த அளவை மீட்டுக்கொண்டார்கள். யாராவது "எனக்கு வயசாயிடுச்சு" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

5. சரி, ஃபிட்டா இருக்கேனான்னு வீட்டுலயே எப்படிப் பாக்குறது? வாட்ச் வாங்கணுமா?

வாங்க வேண்டியதில்லை. வேகமாக நடக்கும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். நான்கைந்து வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் அது கடுமையான வேகம். போன மாதம் மூச்சு வாங்க வைத்த அதே மாடிப்படி இந்த மாதம் சாதாரணமாக இருந்தால் முன்னேறுகிறீர்கள். அப்புறம், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்து பாருங்கள், ஒற்றைக் காலில் பத்து விநாடி நின்று பாருங்கள், தரையில் உட்கார்ந்து எதையும் பிடிக்காமல் எழுந்து பாருங்கள். இந்த மூன்றும் சேர்ந்து கால் பலம், சமநிலை, மூட்டு வளையும் தன்மை எல்லாவற்றையும் காட்டிவிடும்.

காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடித்துடிப்பை எண்ணிப் பார்க்கலாம். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு, தொடர்ந்து ஓடுகிறவர்களுக்கு ஐம்பதுகளிலோ நாற்பதுகளிலோ இருக்கும். வாட்ச் காட்டும் விஓ2 மேக்ஸ் ஒரு உத்தேசக் கணக்குதான். அது மாதத்துக்கு மாதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கலாம், அடுத்தவர் வாட்ச்சோடு ஒப்பிட்டு மனசைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

6. நான் ஒல்லி. சாப்பிட்டாலும் எடை ஏறாது. எனக்கு இதெல்லாம் தேவையா?

தேவை. கை கால் மெலிந்து வயிற்றில் மட்டும் கொழுப்பு சேர்கிற உடல்வாகு நிறையப் பேருக்கு உண்டு. கல்லீரலையும் குடலையும் சுற்றிச் சேருகிற கொழுப்புதான் சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் அதிகம் வழிவிடுவது, எடை பார்க்கும் இயந்திரத்துக்கு அது தெரியாது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் பிஎம்ஐ கணக்கைப் போட்டவர் கெட்டிலே என்ற பெல்ஜிய நாட்டுக் கணிதவியலாளர், அதுவும் 1830-களில், மக்கள்தொகையின் சராசரியைப் பார்ப்பதற்காக. தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லாது.

டேப் ஒன்றை எடுத்து தொப்புளுக்குச் சற்று மேலே, சாதாரணமாக மூச்சை விட்ட நிலையில், வயிற்றை உள்ளிழுக்காமல் சுற்றளவைப் பாருங்கள். அது உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். தாண்டினால், ஒல்லியாகத் தெரிந்தாலும் சர்க்கரையைப் பார்த்துவிடுவது நல்லது.

7. அப்போ குண்டா இருக்கிறவங்க ஃபிட்டா இருக்க முடியுமா?

முடியும், இருக்கிறார்கள். ஸ்டீவன் பிளேர் என்ற ஆராய்ச்சியாளர் ஆயிரக்கணக்கானவர்களை டிரெட்மில்லில் ஓடவிட்டு, அவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். எந்த எடையில் இருந்தாலும், உடல்தகுதி குறைவாக இருந்தவர்களே அதிகம் இறந்தார்கள் என்பதுதான் அவர் திரும்பத் திரும்பக் கண்டது. அதனால் எடை குறையவில்லையே என்று நடைப்பயிற்சியை விட்டுவிடாதீர்கள், ஒரு கிலோ குறையாவிட்டாலும் இதயத்துக்கு லாபம்தான்.

ஆனால் முதல் பதிலில் சொன்னது இங்கேயும் பொருந்தும். அதிக எடை முழங்காலுக்குக் கொடுக்கும் சுமை, தூக்கத்தில் மூச்சு அடைபடுவது, சர்க்கரை வரும் வாய்ப்பு, இதெல்லாம் ஃபிட்டாக இருப்பதால் முழுசாக இல்லாமல் போய்விடாது. குறட்டை பலமாக இருந்து பகலில் தூக்கம் சொக்கினால் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

8. எண்ணெய்ப் பலகாரம் தொடறதே இல்ல, தினமும் ஓடுறேன். எனக்கு எப்படிக் கொலஸ்ட்ரால் ஏறும்?

ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உருவாக்குவது நம் கல்லீரல்தான். கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும் எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து எடுத்துவிடும் வேலை சிலருக்குப் பிறப்பிலிருந்தே சரியாக நடக்காது. குடும்ப வழியில் வரும் இந்தக் கோளாறு ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. இவர்கள் எவ்வளவு ஓடினாலும் எல்டிஎல் அதிகமாகவே இருக்கும், மாத்திரை தேவைப்படும். மாத்திரை எடுப்பதைத் தோல்வி மாதிரி நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் குழாயில் படிவது நீங்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடினீர்கள் என்று பார்த்துப் படிவதில்லை. நெருங்கிய ஆண் உறவினர் 55 வயதுக்கு முன்போ, பெண் உறவினர் 65 வயதுக்கு முன்போ மாரடைப்புக்கு ஆளாகியிருந்தால் இந்தப் பரிசோதனையைச் சீக்கிரமே செய்துவிடுங்கள்.

9. எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே சுகர் (அல்லது ஆஸ்துமா). என்னால ஃபிட்டாக முடியாதுல்ல?

முடியும். அமெரிக்க நீச்சல் வீரர் கேரி ஹால் ஜூனியருக்கு 1999-ல் முதல் வகைச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. அடுத்த வருடமே சிட்னி ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார், 2004-ல் ஏதென்ஸில் மறுபடியும் தங்கம். பிரிட்டனின் மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃபுக்கு ஆஸ்துமா உண்டு. அவர் 2003-ல் லண்டன் மாரத்தானில் வைத்த 2 மணி 15 நிமிடம் 25 விநாடி என்ற உலக சாதனையை 2019 வரை எந்தப் பெண்ணும் முறியடிக்கவில்லை.

இவர்கள் நோயை மறந்துவிட்டு ஓடியவர்கள் இல்லை, அதைத் தினமும் அளந்து கவனித்தவர்கள். இன்சுலின் எடுப்பவர்கள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் சர்க்கரையைப் பார்க்க வேண்டும், அன்று இரவில்கூட அது இறங்கலாம், பக்கத்தில் இனிப்பு ஏதாவது இருக்க வேண்டும். சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு கனமான எடை தூக்குவது கூடாது, கண் மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு நல்ல வார்ம் அப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இன்ஹேலரும் அவசியம்.

10. ஜிம்ல மயங்கி விழுந்து செத்துட்டாங்கன்னு செய்தி வருதே, அப்போ உடற்பயிற்சியே ஆபத்தா?

2021 ஜூன் 12 அன்று ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்தில் சரிந்ததை உலகமே நேரலையில் பார்த்தது. வயது 29, தொழில்முறை வீரர், இதயம் நின்றுபோனது. உடனே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்ததால் பிழைத்தார். பிறகு நெஞ்சுக்குள் ஒரு கருவி பொருத்தப்பட்டு அடுத்த வருடம் மறுபடி ஆட வந்தார். பொதுவாக 35 வயதுக்குக் கீழே இப்படி நடந்தால் பிறவியிலேயே இருக்கும் இதயத் தசைக் கோளாறு அல்லது மின்னோட்டக் கோளாறு காரணமாக இருக்கும். 35-க்கு மேல் என்றால் பெரும்பாலும் ரத்தக் குழாய் அடைப்பு. பயிற்சி இந்த நோய்களை உண்டாக்குவதில்லை, மறைந்திருப்பதைத் தூண்டிவிடுகிறது. இத்தாலியில் 1982 முதல் போட்டிகளில் கலந்துகொள்ளும் விளையாட்டு வீரர்களுக்கு ஈசிஜி உட்பட மருத்துவப் பரிசோதனை கட்டாயம்.

பல மாதம் அசையாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் முழு வேகத்தில் இறங்குகிறவர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம், வாரம் முழுக்கச் செய்கிறவர்களுக்கு மிகக் குறைவு. படி ஏறும்போது நெஞ்சு இறுக்கம், பயிற்சியின் நடுவே மயக்கம், இதயம் திடீரென்று தாறுமாறாகத் துடிப்பது, குடும்பத்தில் 50 வயதுக்குள் காரணம் தெரியாத திடீர் மரணம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த ஓட்டத்துக்கு முன்னால் இதய மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சை அழுத்தும் முதலுதவியைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் எல்லாரையும் நச்சரிப்பதும் இதற்காகத்தான்.

11. ஈசிஜி எடுத்தேன், டிரெட்மில் டெஸ்டும் நார்மல். இப்போ நெஞ்சு லேசா இறுக்குது, வாயுவா இருக்கும்ல?

வாயு என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். ஓய்வில் எடுக்கும் ஈசிஜி அந்தச் சில விநாடிகளைத்தான் காட்டும், அடைப்பு இருக்கிறவர்களுக்கும் அது நார்மலாக வரலாம். டிரெட்மில் டெஸ்ட் ஓரளவு பெரிய அடைப்பைத்தான் கண்டுபிடிக்கும். சின்ன அடைப்பின் மேல் படலம் கிழிந்து ரத்தம் உறைந்தும் மாரடைப்பு வரும், அதை முந்தைய மாத டெஸ்ட் முன்கூட்டிச் சொல்லாது. உழைக்கும்போது வந்து ஓய்வெடுத்தால் போகும் இறுக்கம் இருந்தால், பழைய ரிப்போர்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மறுபடி காட்ட வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே வந்து விடாமல் இருந்தால், வியர்த்தால், கைக்கோ தாடைக்கோ பரவினால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

12. இது தலைகீழ் கேஸ். நான் நல்லாத்தான் இருக்கேன், ஆனா லிவர் என்சைம் அதிகம், கிரியாட்டினின் அதிகம்னு ரிப்போர்ட் வந்திருக்கு. என்ன ஆச்சு?

முந்தின நாட்களில் கடுமையாக எடை தூக்கினீர்களா என்று முதலில் யோசியுங்கள். கல்லீரல் டெஸ்டில் பார்க்கும் ஏஎஸ்டி, ஏஎல்டி இரண்டும் தசையிலும் இருப்பவை. பழக்கமில்லாத கனத்தைத் தூக்கினால் தசை இழைகள் சேதமாகி இவை ரத்தத்தில் கலக்கும், ஒரு வாரத்துக்கு மேலும் உயர்ந்தே இருக்கலாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பார்க்கும் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது, அதனால் தசை அதிகம் உள்ளவர்களுக்கும் கிரியாட்டின் பவுடர் எடுப்பவர்களுக்கும் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் கொஞ்சம் கூடுதலாக வரும். கடும் ஓட்டத்துக்கு அடுத்த நாள் சிறுநீரில் புரதம்கூடத் தெரியலாம்.

பரிசோதனைக்கு முன் ஒரு வாரம் கடும் பயிற்சியைத் தவிர்த்துவிட்டு மறுபடி எடுங்கள், என்ன பயிற்சி, என்ன பவுடர் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் தசையைச் சாராத சிஸ்டாட்டின் சி டெஸ்ட் எடுக்கச் சொல்வார். ஓய்வுக்குப் பிறகும் அதிகம் என்றால் "பயிற்சியாலதான்" என்று ஒதுக்காதீர்கள். கடும் பயிற்சிக்குப் பிறகு தசை வீங்கி, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் அது தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் அவசர நிலை, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாடித்துடிப்பு விஷயமும் இப்படித்தான். ஐந்தாவது பதிலில் சொன்ன மாதிரி பயிற்சியால் குறைந்தால் நல்லது, அதோடு தலைசுற்றலோ சோர்வோ இருந்தால் காட்ட வேண்டும்.

13. எவ்வளவு செஞ்சாப் போதும்? அதிகமாச் செஞ்சா இன்னும் ஆரோக்கியமா இருக்கலாமா?

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்தில் அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான வேகத்தில், கூடவே இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி என்கிறது. மிகப்பெரிய லாபம் கிடைப்பது ஒன்றுமே செய்யாதவர் கொஞ்சம் செய்ய ஆரம்பிக்கும்போது. அதற்கு மேலே போகப்போக ஆரோக்கியத்தில் கிடைக்கும் கூடுதல் லாபம் சுருங்கும், ஆனால் ஓடும் திறன் மட்டும் ஏறிக்கொண்டே போகும். இரண்டும் பிரிகிற இடம் அதுதான். மாரத்தான் உங்கள் ஆசை என்றால் ஓடுங்கள், அழகான ஆசை, ஆரோக்கியத்துக்கு அது தேவை என்று மட்டும் நினைக்க வேண்டாம். பல வருடம் மிகக் கடுமையாக ஓடியவர்களுக்கும் சைக்கிள் ஓட்டியவர்களுக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத் துடிப்பு கொஞ்சம் அதிகமாகவே வருகிறது.

14. பயிற்சி ஆரம்பிச்சதுலேர்ந்து பீரியட்ஸ் நின்னு போச்சு. கடுமையா உழைச்சா அப்படித்தான்னு கோச் சொல்றாங்க, சரியா?

சரியில்லை. இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. முதலில் கர்ப்பமா என்று பாருங்கள், தைராய்டு மாதிரி வேறு காரணங்களையும் பார்க்க வேண்டும். அதெல்லாம் இல்லையென்றால், பயிற்சிக்குச் செலவாவது போக உடம்பு தன் அன்றாட வேலைகளைப் பார்ப்பதற்கே சாப்பாடு பற்றவில்லை என்று பொருள். பற்றாத நேரத்தில் உடம்பு முதலில் நிறுத்தும் வேலைகளில் ஒன்று மாதவிடாய். ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு மெலியும், பாதத்திலும் முன்னங்காலிலும் நுண்ணிய முறிவுகள் வரும், இளம் வயதில் சேர்த்திருக்க வேண்டிய எலும்பை அப்புறம் முழுசாகச் சேர்க்க முடியாமலே போகலாம்.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதற்கென்று ஒரு பெயர் கொடுத்து, ஆண்களுக்கும் வரும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆண்களிடம் பாலுணர்வு குறைவது, அடிக்கடி காயம், எந்நேரமும் குளிர்வது மாதிரி தெரியும். கொடுமை என்னவென்றால் ஆரம்பத்தில் எடை குறைந்து வேகம் கூடும், பதக்கம்கூடக் கிடைக்கும், சுற்றி இருப்பவர்கள் கைதட்டுவார்கள். மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள், சாப்பாட்டைக் கூட்டுங்கள், கோச் ஒத்துக்கொள்ளாவிட்டால் கோச்சை மாற்றுங்கள்.

15. சிக்ஸ் பேக் வேணும். ஜிம்ல ஊசி போட்டா மூணு மாசத்துல வரும்ங்கறாங்க. போட்டுக்கலாமா?

போட்டுக்கொள்ளாதீர்கள். தசை வளர்க்கும் ஸ்டீராய்டு நல்ல கொலஸ்ட்ராலைக் குறைத்து, பிபியை ஏற்றி, இதயத் தசையைத் தடிக்க வைக்கும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் விதைப்பை தன் வேலையை நிறுத்திவிடும், சுருங்கும், விந்தணு குறையும், நிறுத்திய பிறகும் பழைய நிலைக்கு வர மாதங்களோ வருடங்களோ ஆகலாம். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

வயிற்றுக் கட்டு தெரிவது, தோலுக்கடியில் கொழுப்பு எவ்வளவு குறைவு என்பதைக் காட்டும், அவ்வளவுதான். மேடையேறும் ஆணழகர்கள் பலர் போட்டிக்கு முந்தைய நாட்களில் தண்ணீரைக்கூடக் குறைத்துக்கொள்வதால், புகைப்படத்தில் நீங்கள் பார்க்கும் அந்த நாளில் அவர்கள் மிகவும் சோர்ந்துபோய் இருப்பார்கள்.

16. காலைல ஒரு மணி நேரம் பயிற்சி, மீதி நேரம் எல்லாம் நாற்காலி. பரவாயில்லையா?

பரவாயில்லை என்றே சொல்லலாம். 2016-ல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், தினம் 60 முதல் 75 நிமிடம் மிதமான உடல் உழைப்பு இருந்தவர்களிடம், எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் கூடும் மரண அபாயம் தெரியவில்லை. அவ்வளவு நேரம் ஒதுக்க முடியாதவர்கள் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையாவது கட்டுப்படும். பயிற்சிக்காகத் தூக்கத்தை ஐந்து மணி நேரமாக வெட்டுவதுதான் எனக்குக் கவலை. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும்.

17. மனசு சரியில்லன்னா ஓடு, சரியாயிடும்ங்கறாங்க. ஓடியும் சரியாகலையே?

லேசான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உடற்பயிற்சி நிஜமாகவே உதவும். ஆனால் எல்லாவற்றுக்கும் அது மட்டும் போதாது. 28 ஒலிம்பிக் பதக்கம் வென்ற மைக்கேல் ஃபெல்ப்ஸ், வாழவே வேண்டாம் என்று தோன்றிய நாட்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அந்த அளவு பயிற்சி செய்த உடம்புக்குள்ளேயே அது வந்திருக்கிறது என்றால், உங்களுக்கு வந்தது உங்கள் குறை இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். பயிற்சியை ஒரு நாள் விட்டால்கூடக் குற்ற உணர்ச்சி அரிக்கிறது, காயத்தோடும் ஓடுகிறேன் என்றால் அதையும் அவரிடம் பேச வேண்டும்.

18. அப்பாவுக்கு எழுபது வயசு. தினமும் வாக்கிங் போறார், ரிப்போர்ட்டும் நல்லா இருக்கு. அது போதாதா?

வாக்கிங் அருமை, விட வேண்டாம். ஆனால் நடப்பது மட்டும் தசை கரைவதைத் தடுக்காது. அவர் நாற்காலியிலிருந்து எழும்போது கவனியுங்கள். இரண்டு கையையும் ஊன்றி, உடம்பை முன்னால் ஆட்டி, ஒரு உந்து உந்தி எழுகிறாரா? பாட்டில் மூடியைத் திறக்க உங்களிடம் கொடுக்கிறாரா? 17 நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவுகள் 2015-ல் வெளியாயின. அதில் கைப்பிடி வலு குறைந்தவர்கள் சீக்கிரம் இறக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது, பிபி எண்ணைவிடவும் அது நன்றாகக் கணித்தது.

வாரம் இரண்டு மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, எதையாவது பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது போதும், மெதுவாகக் கூட்டலாம், புரதமும் கூட வேண்டும். எழுபது வயதில் ஆரம்பித்தாலும் தசை வளரும். கீழே விழுந்து இடுப்பெலும்பு உடைவதற்கு முன்னால் ஆரம்பிப்பதுதான் முக்கியம்.

19. பிபி மாத்திரை போடுறேன், ஓடவும் ஆரம்பிச்சுட்டேன், இப்போ 120/80. மாத்திரையை நிறுத்திடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த 120 மாத்திரையும் ஓட்டமும் சேர்ந்து கொண்டுவந்தது. தொடர்ந்த பயிற்சி மேல் எண்ணை ஏறக்குறைய 5 முதல் 8 வரை குறைக்கும். ஆரம்பத்தில் 145 இருந்தவருக்கு ஒரு கட்டத்தில் மாத்திரையைக் குறைக்க வாய்ப்பு உண்டு, 170 இருந்தவருக்கு ஓட்டம் மட்டும் போதாது. மூன்றாவது பதிலில் சொன்ன முறைப்படி இரண்டு வாரம் வீட்டில் பார்த்து எழுதி எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் கேளுங்கள்.

பீட்டா பிளாக்கர் வகை மாத்திரையாக இருந்தால் இன்னும் கவனம், திடீரென்று நிறுத்தினால் இதயத் துடிப்பும் அழுத்தமும் ஒரேயடியாக எகிறும். அந்த மாத்திரை போடும்வரை எவ்வளவு ஓடினாலும் துடிப்பு ஓரளவுக்கு மேல் ஏறாது என்பதால் வாட்ச் காட்டும் இதயத் துடிப்புக் கணக்கும் உங்களுக்குப் பொருந்தாது. பேச முடிகிறதா, பாட முடிகிறதா என்று பார்த்தே வேகத்தை வைத்துக்கொள்ளுங்கள்.